அக்கரைக்குப் போன சோடி

பல்லடத்துக்குத் தெற்கே கரட்டுவலசில் பாலுசாமிக் கவுண்டரின் கட்டுத்தரையில் வளர்ந்த காளைச் சோடி ஒன்று சிலோனுக்குக் கப்பலேறப் போகிறது என்று தெரிந்ததும், சுற்றுவட்டாரத்திலிருந்து ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கொம்பைத் தடவினார்கள். திமிலைத் தட்டினார்கள். வால் முடியை விரித்துப் பார்த்துத் தலையாட்டினார்கள். கண்ணபுரத்துத் தேர்ச் சந்தையில் தரகர் வரதராஜுலு நாயுடு பேசி முடித்த வியாபாரம் அது. மலையடிவாரத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பெட்டிகளை ரயிலடிக்கு இழுக்க லாரி கட்டுபடியாகவில்லை என்று அங்கிருந்த வெள்ளைக்காரத் துரை காங்கயத்துக் காளை கேட்டிருந்தார்.

"ஓட்டீட்டுப் போயி உட்டுட்டு வர நம்மட்ட ஆளா இல்லீங்க? நீங்க எதுக்குக் கடல் தாண்டோணும்?" என்று மனைவி மயிலாத்தாள் கேட்டாள்.

"புது எடத்துல தண்ணி காட்டி, தீனி காட்டி, நொகம் பழக்கிக் குடுத்துட்டு வாரேன் புள்ள. பாதியில உட்டாப் பாவம்" என்றார் கவுண்டர்.

அது ஒரு காரணம். கிழக்கே கொடுமுடி, மேற்கே கோயமுத்தூர், அதற்கு மேல் அவர் போனதில்லை. கடலை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும் என்பது இன்னொரு காரணம். அதை அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை.

மயிலாத்தாள் இரண்டு மூட்டை கட்டினாள். ஒன்றில் கொள்ளு, ஒன்றில் பருத்திக்கொட்டை. மனிதனுக்கு எங்கேயும் சோறு கிடைத்துவிடும். மாட்டுக்குத் தீனி மாறினால் வயிறு கெட்டுப்போகும். தூத்துக்குடியில் காளைகளின் வயிற்றுக்கு அடியில் பட்டை கட்டிக் கப்பலுக்குத் தூக்கியபோது கவுண்டர் கண்ணை மூடிக்கொண்டார். கடலைப் பார்க்க வந்தவர் அன்றைக்குக் கடலையே பார்க்கவில்லை.

அந்த வருஷம் சிலோனில் காய்ச்சல் வருஷம். முப்பத்தைந்தாம் வருஷத்து மாசி மாதம். கரட்டுவலசில் புழுதி பறக்கிற மாசத்தில் அங்கே பொழுது சாய்ந்தால் மழை கொட்டியது. தோட்டத்தில் காளைகளுக்கென்று புதுக் கொட்டகை போட்டிருந்தார்கள். தகரக் கூரை, சிமிட்டித் தரை, மூத்திரம் வடியக் கால்வாய். கொசு அண்டாமலிருக்க மாலையில் புகை போட ஒரு ஆள். மோட்டாரில் ஒரு மாட்டு டாக்டர் வந்து பல் பார்த்து, காது பார்த்துவிட்டுப் போனார். கவுண்டருக்கு மனசு நிறைந்துபோயிற்று. நல்ல இடத்தில்தான் பெண்ணைக் கொடுத்திருக்கிறோம் என்று தகப்பன் நினைப்பானே, அந்த மாதிரி.

தோட்டத்தின் அடிவாரத்தில் அரிசிக்கடை வைத்திருந்த பஷீர் பாய் கோயமுத்தூர்க் கோட்டைமேட்டுக்காரர். தன் கடைக்குப் பின்னால் கவுண்டருக்கு ஓர் அறை ஒழித்துக் கொடுத்தார். கவுண்டர் தானே பொங்கித் தின்றுகொண்டார். வந்த மறுநாள் கடைக்கு முன்னால் நாலு பேர் சாக்கில் சுற்றிய பிணமொன்றைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பின்னால் ஒரே ஒரு பெண்பிள்ளை அழுதுகொண்டே போனாள். கூடப் போக ஆள் இல்லை.

"நித்தமும் இப்பிடித்தானுங்க கவுண்டரே," என்றார் பஷீர். "மருந்து குடுக்கறாங்க. குடுக்கலைன்னு சொல்லப்படாது. வயித்துல கஞ்சியில்லாதவனுக்கு மருந்து என்னங்க பண்ணும்? தேயிலை வெலை எறங்கிப் போச்சுன்னு வேலையப் பாதியாக் கொறைச்சுட்டாங்க. என்ற கடையிலயும் கடன் குடுத்துக் குடுத்துச் சாக்குத்தான் மிச்சம்."

கொட்டகைக்குப் பின்னால் கல் கூட்டி, கவுண்டர் தினமும் காளைகளுக்குக் கொள்ளு வேகவைத்தார். அது வெந்து மணம் கிளம்பினால் மேட்டு லயத்திலிருந்து குழந்தைகள் இறங்கி வந்து நின்றன. லயம் என்பது வரிசையாகக் கட்டிய ஒற்றை அறைகள். அங்கேதான் கூலிக்காரர்கள் குடியிருந்தார்கள். குழந்தைகள் கேட்கவில்லை. நின்றன, அவ்வளவுதான். வயிறு முன்னால் தள்ளி, கை கால் குச்சியாக இருந்தன. கவுண்டர் முதல் நாள் ஆளுக்கு ஒரு பிடி கொடுத்தார். மறுநாள் கூட்டம் இரட்டித்தது. காவல்காரன் வந்து விரட்டினான். அதற்கு அடுத்த நாள் அவர் முதுகைத் திருப்பிக்கொண்டு தீனி வைத்தார். காளைகள் மொறுமொறுவென்று தின்கிற சத்தம் அதுவரை அவருக்குப் பாட்டு மாதிரி இருந்தது. அன்றைக்கு அது காதில் ஏறவில்லை.

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஏனுங்க சாமி, அந்தக் கொள்ளுத் தண்ணி ஒரு செம்பு கெடைக்குமுங்களா? சீக்காளிக்குங்க."

ஊர்ப்பக்கத்து அந்த 'ங்க' அவரை உலுக்கிவிட்டது. திரும்பினார். தலையில் கம்பளி, இடுப்பில் சாக்கு, முழங்காலுக்குக் கீழே அட்டை கடித்த தழும்புகள். ஒரு பெண் எட்ட நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம் புள்ள, உனக்கு எந்த ஊரு?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அவரைப் பார்த்தாள், காளைகளைப் பார்த்தாள், திரும்ப அவரைப் பார்த்தாள்.

"கரட்டுவலசுங்க பண்ணாடி" என்றாள்.

"கருப்பியா?"

"ஆமாங்க."

கவுண்டரின் பண்ணையத்தில் வேலைக்கு இருந்த சின்னானுடைய பெண்டாட்டி அவள். ஐந்து வருஷத்துக்கு முன்னால், மூன்று வருஷம் தொடர்ந்து மழை பொய்த்துக் கிணறு அடி காய்ந்த சமயத்தில், ஆள் பிடிக்க வந்த கங்காணியோடு சின்னான், அவள், மகள் பாவாத்தாள் மூன்று பேரும் சொல்லாமல் போய்விட்டார்கள். ஒரு காலையில் கட்டுத்தரையில் சாணி அள்ள ஆள் வரவில்லை. அப்படித்தான் தெரிந்தது.

"சின்னான் எங்க?"

"அவியளுக்குத்தானுங்க காச்ச."

கவுண்டர் கொள்ளுச் சட்டியையே தூக்கிக்கொண்டு அவள் பின்னால் நடந்தார். லயத்து வாசலில் ஒரு கணம் நின்றார். பிறகு குனிந்து உள்ளே நுழைந்தார்.

உள்ளே புகை. அறையை நடுவில் சாக்கு கட்டித் தடுத்திருந்தார்கள். தடுப்புக்கு அந்தப்பக்கம் வேறொரு குடும்பம் இருமியது. சுவரில் மழை இறங்கிப் பச்சை பிடித்திருந்தது. தரையில் சுருண்டு கிடந்த உருவத்தைப் பார்த்து இதுதான் சின்னான் என்று அவராகத்தான் முடிவு செய்துகொள்ள வேண்டியிருந்தது. தனியாக நுகத்தடியைத் தூக்கி நிறுத்துகிற ஆள் அவன்.

"ஆரு?"

"நாந்தாஞ் சின்னா, பாலுசாமி."

சின்னான் எழப் பார்த்தான். இடுப்பில் கட்டத் துண்டைத் தேடிக் கையால் துழாவினான்.

"படு, படு. அப்பிடியே படு."

"சொல்லாமக் கொள்ளாம வந்துட்டமுங்க பண்ணாடி. மனசுல வெச்சுக்காதீங்க."

"அத உடு. காச்ச எப்பிடி இருக்குது?"

"அது கெடக்குதுங்க. ஊருல மழை பேஞ்சுதுங்களா?"

"ஐப்பசியில பேஞ்சுது. ஓடை ரெண்டு கரையும் போச்சு."

"கெணறு?"

"முக்காலுக்கு நிக்குது."

"மேக்கு மூலையில நானு வெட்டுன ஊத்து?"

"அதுல இருந்துதான் வருது."

"வருமுங்க. அதுதானுங்க தண்ணி. மத்ததெல்லாஞ் சும்மா." அதைக் குடிப்பவன் போலக் கண்ணை மூடினான் சின்னான். "கம்பு போட்டிருந்தீங்களா?"

"போட்டு அறுத்தாச்சு. குருவிதான் பாதியத் தின்னுபோடுச்சு."

"ஆலோலம் போட ஆளில்லீங்களா? கவண் எடுத்துட்டுப் பரண்ல ஏறுனா ஒரு குருவி எறங்க உடமாட்டேன். இங்க கம்புங்கற பேச்சே இல்லீங்க. புழுத்துப்போன அரிசியாப் போடறாங்க. தின்னா உண்ட மாதரயே இல்லீங்க." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "அந்தச் செவலக் கெடாரி?"

"அது நாலு ஈத்துப் போட்டாச்சு. நீங்க போன வருசம் பொறந்தது அதோட தலைக்கன்னு. இப்பக் கொண்டாந்த சோடியில எடப்பக்கத்து மாடு அதுதான்."

"நானு பால் ஊட்டி உட்ட கன்னுங்களா?"

"அதேதான்."

அவன் கண்ணிலிருந்து நீர் காதுக்குள் இறங்கியது. "அது கடலத் தாண்டி இங்கயே வந்துருச்சுங்களா?" என்றான். "பாவமுங்க."

கருப்பி கொள்ளுத் தண்ணீரை ஆற்றிக் கொடுத்தாள். கவுண்டருக்கும் தொண்டை வறண்டிருந்தது. அவள் அவரிடம் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று அவளுக்குத் தெரியும். கேட்கமாட்டாள் என்று அவருக்கும் தெரியும்.

திரும்பி இறங்கும்போது கொட்டகையின் சிமிட்டித் தரை கண்ணில் பட்டது. மாட்டுக்கு இருக்கிற இடம் மனிதனுக்கு இல்லையே என்று துரையை மனதுக்குள் வைதார். வைதுகொண்டே நாலு அடி நடந்தவருக்கு வேறொன்று தோன்றியது. கரட்டுவலசில் சின்னான் இருந்த குடிசை எத்தனை அடி இருக்கும்? தெரியவில்லை. பண்ணையாட்கள் குடியிருக்கிற வளவுக்குப் போய் வெளியே நின்று கூப்பிட்டதுண்டு. உள்ளே போனதில்லை. அவன் வீட்டுக்குள் முதன்முதலாகக் கால் வைக்க ஒரு கடலைத் தாண்ட வேண்டியிருந்தது. அன்றைக்குப் பொங்கிய சோறு அப்படியே இருந்தது.

மறுநாள் விடியலில் காளைகளை வண்டி பழக்க ஓட்டிக்கொண்டு வந்தார். பனி இறங்கியிருந்தது. கொழுந்து பறிக்கிற ஆட்கள் கூடையோடு வரிசையாக நிற்க, கணக்கப்பிள்ளை பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஐயாசாமி. பாவாத்தாள். பிறகு, "மயிலாத்தாள்."

கவுண்டர் திடுக்கிட்டுத் திரும்பினார். தன் வீட்டுக்காரியை இங்கே யார் கூப்பிடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தார்.

"இருக்கறனுங்க" என்று வரிசையிலிருந்து கருப்பியின் குரல் வந்தது. நல்ல சத்தமான குரல். ஊரில் அவள் அப்படிப் பேசி அவர் கேட்டதில்லை.

வண்டி நின்றுபோனதுகூட அவருக்குத் தெரியவில்லை. அவருக்குக் கல்யாணமாகி மயிலாத்தாள் வீட்டுக்கு வந்த அன்று, மருமகள் பேரைச் சொல்லிச் சாணி அள்ளுகிறவளைக் கூப்பிட முடியாது என்று அவருடைய தாயார் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து கருப்பி. தாயார் காலமாகிப் பத்து வருஷத்துக்கு மேலாகிறது. கருப்பிக்கு இன்னொரு பேர் இருந்ததையே அவர் மறந்துவிட்டிருந்தார்.

பஷீரிடம் வந்து, "பாய், நான் சின்னான் குடும்பத்தக் கூட்டீட்டுப் போயரலாம்னு இருக்கறேன்" என்றார்.

"சொந்தக்காரங்களா?"

"எங்க பண்ணையத்து ஆளுங்க."

பஷீர் அரிசி அளந்துகொண்டிருந்த படியைக் கீழே வைத்தார். "கங்காணிகிட்ட நான் பேசிக்கறனுங்க. அது பெருசில்ல. ஆனா அவங்ககிட்ட மொதல்ல கேளுங்க."

"இதுல கேக்க என்ன இருக்குது?"

"கேட்டுப்போடுங்க" என்றார் பஷீர்.

பொழுதோடு கவுண்டர் லயத்துக்குப் போனார். சின்னான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். காய்ச்சல் விட்டிருந்தது. பாவாத்தாள் வெளியே, மலையோடைத் தண்ணீரை மூங்கில் வழியே விழ விட்டிருந்த பீலியில் முகம் கழுவிக்கொண்டிருந்தாள். கல்யாண வயசுப் பெண். கவுண்டர் விஷயத்தைச் சொன்னார்.

"எல்லாருங் கெளம்புங்க. உன்ற குடிசை இன்னும் நிக்குது சின்னா. மேல ரெண்டு ஓலை போட்டாப் போதும்."

சின்னானின் முகம் மாறியது. "அம்மிணி, கேட்டயா?" என்று மகளைக் கூப்பிட்டான். பாவாத்தாள் தாயைப் பார்த்தாள். கருப்பி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். ஊதி முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

"அவிய போகட்டுங்க பண்ணாடி. அந்தத் தண்ணியக் குடிச்சாப் பொழைச்சுக்குவாங்க. நானும் புள்ளையும் வர்லீங்க."

"இந்த நரகத்துல இருந்துட்டு என்ன பண்றே?"

"நரகந்தானுங்க. இல்லீங்கல. கொழுந்து ஒரு றாத்தல் கொறைஞ்சா அரைப் பேருன்னு எழுதி, பாதிக் கூலி போட்டுருவாங்க. தடுப்புக்கு அந்தாண்ட இருக்கறவ கொழந்தைய என்ற கையாலதானுங்க குழியில வெச்சேன். ஊரு நெனப்பு இல்லாம ஒரு நாளுமில்லீங்க. கண்ண மூடுனா ஓடைதான் தெரியுது. சோளத்தட்டு வாசம் மூக்குலயே நிக்குது. ஒரு நாளு மேட்டுல கொழுந்து எடுக்கறப்போ பின்னால ஆரோ 'ஏனுங்க'ன்னாங்க. கூடையப் போட்டுட்டுத் திரும்பிப் பாத்தனுங்க. ஆருமில்ல. காத்துதானுங்க. அன்னிக்குப் பூராவும் அழுதேன்."

"பின்ன என்ன புள்ள?"

கருப்பி வெளியே பீலியைக் காட்டினாள். பாவாத்தாள் குனிந்து, விழுகிற தண்ணீரில் வாயை வைத்துக் குடித்துக்கொண்டிருந்தாள்.

"அவளப் பாருங்க. ஆரும் ஊத்த வேண்டியதில்ல. தவிச்ச நேரத்துக்குப் போயிக் குடிக்கறா. அங்க கெணத்தடியில நின்னு, ஆராச்சும் வருவாங்களான்னு பாத்து, கையேந்திக் குடிக்கோணும். அது அவளுக்கு மறந்தே போச்சுங்க. மறுக்காப் பழக்கறதுக்கு எனக்கு மனசு வல்லீங்க."

கவுண்டர் பீலியையே பார்த்தார்.

"கோவிச்சுக்காதீங்க பண்ணாடி, ஒண்ணு கேக்கறேன். நான் அங்க வந்தா என்னைய என்னன்னு கூப்புடுவீங்க?"

அவள் சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். கவுண்டர் வாயைத் திறந்தார். மயிலாத்தாள் என்கிற பேர் நாக்கு நுனி வரை வந்தது. தன் கட்டுத்தரை, சாணிக் கூடை, வாசலில் நிற்கிற பங்காளிகள், நடுவில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிடுகிற தான், எல்லாம் ஒரு நொடியில் வந்து போயிற்று. வாய் மூடிக்கொண்டது. கருப்பி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அவருக்குச் சங்கடமாக இருக்கக்கூடாது என்பதுபோல அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

காளைகள் வண்டிக்குப் பழகியதும் கவுண்டர் புறப்பட்டார். மீந்த கொள்ளு மூட்டையை லயத்தில் இறக்கிவைத்தார். சின்னானின் பெண்டாட்டி தன் கம்பளியை எடுத்து அவன் தோளில் போட்டு முடிச்சிட்டாள்.

"பொறகால வந்துருவயல்ல?" என்று அவன் கேட்டான்.

"நீங்க போங்க. போயி நெனச்சதத் தின்னுட்டு ஒடம்பத் தேத்துங்க."

பாவாத்தாள் ரயிலடி வரைக்கும் வந்தாள். சின்னான் போகிற வழியில் கொட்டகைக்குள் நுழைந்து இடப்பக்கத்து மாட்டின் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றான். கவுண்டர் வெளியே காத்திருந்தார்.

தலைமன்னாரில் படகுக் கப்பல் ஏறிய கொஞ்ச நேரத்திலேயே கவுண்டருக்குக் குமட்டியது. குடலே வெளியே வந்துவிடும் போல வாந்தி. கண் இருட்டி, கம்பியைப் பிடித்தபடி சரிந்துவிட்டார். யாரோ தலையை நிமிர்த்தினார்கள். உதட்டில் தகரக் குவளை பட்டது. மடக் மடக்கென்று குடித்தார். கண் தெளிந்து பார்த்தால் சின்னான். அவனுடைய மடியில்தான் தன் தலை இருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கவுண்டர் எழுந்து உட்கார்ந்து, "இன்னுங் கொஞ்சம் இருக்குதா?" என்று கேட்டு வாங்கிக் குடித்தார். கரை தெரியும்வரை பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள்.

தனுஷ்கோடியில் இறங்கியதும் சின்னான் தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். பத்து அடி பின்னால் தள்ளி நடந்தான். யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.

கம்மங்கூழும் கொள்ளு ரசமும் குடித்துச் சித்திரைக்குள் சின்னான் தேறிவிட்டான். ஆசைப்பட்டதையெல்லாம் தின்றான். ஓடையில் இறங்கிக் காலை நனைத்தான். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவன் பேச்சு குறைந்தது. வேலைக்கு நடுவே பல்லடத்துச் சாலைப் பக்கம் திரும்பி நின்றுவிடுவான்.

ஒரு நாள் சாப்பிடும்போது கவுண்டர் மனைவியிடம் சொன்னார். "கருப்பிய அங்க மயிலாத்தாள்னு கூப்படறாங்க."

"அவளுக்கு மொதல்ல இருந்தே அதுதானுங்களே பேரு" என்றாள் மயிலாத்தாள். "அத்தைதான் மாத்துனாங்க. நானு வந்த அன்னிக்கே ஒருத்தி பேரப் புடுங்கிப்போட்டமேன்னு எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. புதுப்பொண்ணு, ஆருகிட்டச் சொல்றது?"

"இத்தன வருசமாச் சொல்லலியே."

"நீங்களுங் கேக்கலியே."

மறுநாள் உச்சி வெயிலில் கவுண்டர் கிணற்றடிக்குப் போனபோது சின்னான் மேடைக்கு எட்ட, வழக்கமான இடத்தில் நின்றுகொண்டிருந்தான். அடுத்த காட்டில் பங்காளி கந்தப்பன் மாடு கட்டிக் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தார். கவுண்டர் வாளிக் கயிற்றை எடுத்து அவன் பக்கம் நீட்டினார்.

"நீயே சேந்திக் குடி சின்னா."

சின்னான் கயிற்றைப் பார்த்தான். கந்தப்பன் பக்கம் பார்த்தான். "வேண்டாமுங்க பண்ணாடி. நீங்க சொல்லுவீங்க. ஊரு கேக்காதுங்க. நீங்க ஊருக்குள்ள இருக்கோணும், நான் வளவுல இருக்கோணும்." இரண்டு கையையும் சேர்த்து வாய்க்கு நேரே ஏந்திக்கொண்டான். "ஊத்துங்க."

கவுண்டர் இன்னும் கொஞ்ச நேரம் கயிற்றை நீட்டியபடியே நின்றார். பிறகு தானே சேந்தி ஊற்றினார். தண்ணீர் அவன் மார்பெல்லாம் கொட்டியது. சின்னான் வயிறு முட்டக் குடித்துவிட்டு முகத்தைத் துடைத்தான்.

"இந்தத் தண்ணிக்குத்தானுங்க வந்தேன். குடிச்சாச்சு" என்றான்.

கட்டுத்தரையில் இரண்டு காளைக் கன்றுகள் முட்டி விளையாடிக்கொண்டிருந்தன. அவற்றையே பார்த்துக்கொண்டு கேட்டான்.

"இந்தச் சோடி எப்பங்க கப்பலேறும்?"

"பல்லுப் போடோணும். ரெண்டு வருசமாச்சும் ஆகும். எதுக்குக் கேக்கற?"

"ஓட்டீட்டுப் போக ஆளு வேணுமில்லீங்க."

கவுண்டர் வாளியைக் கீழே வைத்தார். "அப்பவாச்சும் அவ வருவாளான்னு கேட்டுப் பாரு" என்றார்.

"கேக்க மாட்டனுங்க" என்றான் சின்னான். "நானு அங்கயே இருந்துக்குவேன்."